தட்டைக் கணினித் திரை: தேர்ந்தெடுக்கும் முறையும் இணைக்கும் முறையும்

பட்டர்வொர்த்துக்கும் சுங்கை பட்டாணிக்கும் இடையே, செபராங் பிறையின் வடபகுதியில் அமைந்துள்ளது கெப்பாலா பத்தாஸ். ஒரு காலத்தில் நெல்வயல்களும் ரப்பர்த் தோட்டங்களும் சூழ்ந்த சிற்றூராக இருந்த இவ்வூர், இன்று கடைவீதிகளும் வீடமைப்புப் பகுதிகளும் நிறைந்த பட்டணமாக வளர்ந்துள்ளது. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வாழும் பாட்டாளிக் குடும்பங்கள் பள்ளிப் பாடநூல், காலணி, மின்பொருள் ஆகியவற்றை வாங்க இங்கேதான் வருகின்றனர். அவர்கள் வாங்கும் பொருள்களின் வரிசையில் கணினியும் அதன் உறுப்புகளும் சேர்ந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன.

தோட்ட வீடுகளில் உள்ள கணினிகள் பெரும்பாலும் புதியவை அல்ல. உறவினர் கொடுத்தது, அலுவலகம் ஒன்று கழித்தது, பழைய பொருள் கடையில் வாங்கியது என்று பல வழிகளில் அவை வந்து சேர்ந்தவை. இத்தகைய கணினியில் முதலில் பழுதாவது பல வேளைகளில் திரையே ஆகும். பெட்டி நன்றாக இயங்கும். திரை மட்டும் இருண்டுவிடும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், புதுத் திரை வாங்கும் பேச்சு உடனே எழுந்துவிடும்.

திரையின் விலை சில நூறு வெள்ளி. 2025ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதத்திற்கு 1,700 வெள்ளி. மாதத்திற்கு 26 நாள் வேலை எனக் கொண்டால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 65 வெள்ளி ஆகிறது. 350 வெள்ளிக்கு ஒரு திரை வாங்கினால், அது ஐந்து நாளுக்கும் அதிகமான பால்வெட்டின் கூலியாகும். மழை பெய்து வெட்டு நின்ற மாதத்தில் இதன் சுமை இன்னும் கூடும். இவ்வளவு கொடுத்து வாங்கிய திரை வீட்டுக் கணினியில் பொருந்தாமற்போனால் அக்குடும்பத்திற்கு நேரும் இழப்பு சிறிதன்று.

இவ்விழப்பைத் தவிர்க்க வழி உண்டு. கணினித் திரையைக் கடையில் பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னர், வீட்டிலுள்ள கணினியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். துளை, அளவு, புள்ளி ஆகிய மூன்றையும் அறிந்துகொண்டால் எவரும் ஏமாறாமல் வாங்கலாம்; பிறர் உதவியின்றித் தாமே இணைக்கவும் செய்யலாம். அதற்கான வழிகளைப் படிப்படியாக விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

தட்டைத் திரை எவ்வாறு இயங்குகிறது?

முற்காலத் திரைகள் பின்புறம் நீண்டு, எடை மிகுந்தவையாக இருந்தன. 1897ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிவியலாளர் கார்ல் பெர்டினாண்ட் பிரவுன் உருவாக்கிய கண்ணாடிக் குழாயே அவற்றிற்கு மூலம். குழாயின் பின்முனையிலிருந்து பாயும் மின்னணுக்கற்றை முன்புறத்திலுள்ள பூச்சின்மீது பட்டு ஒளியை உண்டாக்கியது. கற்றை பாய்வதற்கு இடம் வேண்டியிருந்தமையால் திரையும் ஆழமாக அமைந்தது.

தட்டைத் திரைக்கு அடிப்படையான பொருளை முதலில் கண்டவர் தாவரங்களை ஆராய்ந்த ஓர் அறிஞர். ஆஸ்திரிய நாட்டவரான பிரீட்ரிக் ரைனிட்சர், 1888ஆம் ஆண்டில் ஒரு விந்தையான பொருளைக் கவனித்தார். அதனைச் சூடேற்றியபோது முதலில் கலங்கிய நீர்மமாகவும், மேலும் சூடேற்றியபோது தெளிந்த நீர்மமாகவும் மாறியது. கலங்கிய நிலையில் அது நீர்போல் ஓடியது. ஆயினும் அதன் மூலக்கூறுகள் திண்மப் பொருளில் இருப்பதுபோல் ஓர் ஒழுங்கில் நின்றன. இதனையே நீர்மப் படிகம் என்கிறோம்.

இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கிடையே இந்நீர்மப் படிகம் அடைக்கப்பட்டுள்ளது. தகடுகளுக்குப் பின்னால் வெள்ளை விளக்கு ஒன்று எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும். மின்சாரம் செல்வதற்கேற்ப நீர்மப் படிகத்தின் மூலக்கூறுகள் திரும்பி, பலகணிக் கதவைப்போல் ஒளியை மறைக்கவும் விடவும் செய்கின்றன. ஒவ்வொரு படப்புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பலகணிகள் உண்டு. இம்மூன்றின் திறப்பும் மூடலும் சேர்ந்தே எல்லா நிறங்களையும் தருகின்றன.

கடைகளில் 'எல்இடி திரை' என்று எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். சாதாரணக் கணினித் திரையில் இவ்வெழுத்து குறிப்பது பின்னாலுள்ள விளக்கின் வகையையே ஆகும். பழைய தட்டைத் திரைகளில் பாதரசம் அடங்கிய மெல்லிய குழல்விளக்குகள் இருந்தன. பின்னர் அவற்றின் இடத்தில் ஒளியுமிழ் விளக்குகள் வந்தன. நீல ஒளி தரும் ஒளியுமிழ் விளக்கை உருவாக்கியமைக்காக அக்காசாக்கி, அமானோ, நாக்காமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டில் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. நீல விளக்கு கிடைத்த பின்னரே அதிலிருந்து வெள்ளொளி விளக்கைச் செய்ய இயன்றது.

இத்தொழிலில் நம் பினாங்கு மாநிலத்திற்கும் பங்குண்டு. பாயான் லெப்பாஸில் 1972ஆம் ஆண்டு முதல் இன்டெல், ஏஎம்டி, ஹியூலட் பேக்கார்ட் முதலிய நிறுவனங்களின் ஆலைகள் தொடங்கப்பட்டன. ஒளியுமிழ் விளக்குகளைச் செய்த லிட்ரோனிக்ஸ் நிறுவனமும் அவற்றுள் ஒன்று. அவ்வாலை பிற்காலத்தில் ஓஸ்ராம் என்ற பெயரில் இயங்கியது. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் பலரும் பினாங்கின் மின்னணு ஆலைகளில் உழைத்து வந்துள்ளனர். ஆகவே திரையை நமக்கு எட்டாத பொருள் என்று எண்ணி ஒதுங்கத் தேவையில்லை.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை

திரை இருண்டது என்பதற்காகத் திரைதான் பழுது என்று முடிவு கட்டலாகாது. பழுது கம்பியிலும் இருக்கலாம். கணினிப் பெட்டியிலும் இருக்கலாம். இதனை அறிய எளிய வழி ஒன்று உண்டு. பல வீடுகளில் தட்டைத் தொலைக்காட்சி உள்ளது. கணினியிலும் தொலைக்காட்சியிலும் 'எச்டிஎம்ஐ' எனப்படும் துளை இருந்தால், அதற்குரிய கம்பி ஒன்றை இரவல் பெற்று இரண்டையும் இணைத்துப் பாருங்கள். தொலைக்காட்சியின் கைவிசையில் உள்ளீட்டைத் தேர்ந்தெடுக்கும் பொத்தானை அழுத்தி, கம்பி செருகிய துளையைத் தெரிவு செய்ய வேண்டும்.

தொலைக்காட்சியில் படம் தோன்றினால் கணினிப் பெட்டி நலமாக உள்ளது என்பது உறுதி. படம் தோன்றாவிடில், புதுத் திரை வாங்கியும் பயனிராமற்போகலாம். முதலில் பெட்டியைப் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். இச்சோதனை ஐந்து நாள் கூலியைக் காப்பாற்றக்கூடும். திரை வாங்கும் வரையில் தொலைக்காட்சியையே திரையாகப் பயன்படுத்திப் பிள்ளை பாடத்தைத் தொடரவும் இயலும்.

முதலாவது: துளை

கணினியின் பின்புறத்தில் படத்தை வெளியே அனுப்பும் துளை எத்தகையது என்று பாருங்கள். வழக்கில் உள்ளவை ஐந்து வகை.

விஜிஏ: 1987இல் வந்த பழைய வகை. பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். மூன்று வரிசைகளில் 15 சிறு துளைகளும், இரு பக்கமும் திருகாணிக்கான இடமும் உண்டு.

டிவிஐ: பெரும்பாலும் வெண்ணிறம். விஜிஏயைவிட அகலமானது. சிறு துளைகளின் ஓரத்தில் தட்டையான கீற்று ஒன்று இருக்கும். இதற்கும் திருகாணி உண்டு.

எச்டிஎம்ஐ: தொலைக்காட்சியில் காண்பது. தட்டையானது, கீழ்ப்பக்கத்து இரண்டு மூலைகளும் உள்நோக்கிச் சரிந்திருக்கும். திருகாணி இல்லை.

டிஸ்பிளே போர்ட்: எச்டிஎம்ஐ போலவே தோன்றும். ஆனால் ஒரு மூலை மட்டுமே வெட்டப்பட்டிருக்கும்.

யுஎஸ்பி-சி: புதிய கைப்பேசிகளின் மின்னேற்றத் துளைபோல் சிறிதாக, நீள்வட்டமாக இருக்கும். இவ்வகைத் துளைகள் எல்லாம் படத்தை அனுப்புவதில்லை. கணினியின் கையேட்டில் அவ்வாறு கூறப்பட்டிருந்தால் மட்டுமே நம்ப வேண்டும்.

துளையின் பெயர் நினைவில் நில்லாவிட்டாலும் குற்றமில்லை. கைப்பேசியில் கணினியின் பின்புறத்தைப் படம் பிடித்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். கடைக்காரரிடம் அதனைக் காட்டி, "இத்துளையில் நேரே இணையும் திரை வேண்டும்" என்று கேளுங்கள். கணினியிலும் திரையிலும் ஒரே வகைத் துளை அமைவதே எல்லாவற்றினும் மேலானது.

ஒரே வகை கிடைக்காதபோது 'மாற்றி' என்னும் சிறு கருவி தேவைப்படும். இங்கேதான் பலரும் தவறுகின்றனர். மாற்றி ஒருவழிப் பாதை போன்றது. கணினியில் விஜிஏயும் திரையில் எச்டிஎம்ஐயும் இருந்தால், விஜிஏயிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் கருவி வேண்டும். எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றும் கருவி பார்ப்பதற்கு அதைப்போலவே இருந்தாலும் இங்கே வேலை செய்யாது. ஆகவே 'கணினியில் இது, திரையில் அது' என்று திசையைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். விஜிஏ துளையில் ஒலி செல்லாது என்பதையும் நினைவிற் கொள்க.

இரண்டாவது: அளவு

திரையின் அளவு அங்குலத்தில் கூறப்படும். அது அகலமும் அன்று; உயரமும் அன்று. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை குறுக்காக அளந்த நீளமாகும். 24 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 53 செண்டிமீட்டர். 27 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 60 செண்டிமீட்டர். தாங்கியோடு சேர்த்து மேசையில் இடம் உண்டா என்று வீட்டிலேயே அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

படிப்பவரின் கண்ணுக்கும் திரைக்கும் இடையே ஒரு கை நீளம், அதாவது 50 முதல் 70 செண்டிமீட்டர் வரை இடைவெளி வேண்டும். சிறிய மேசையில் பெரிய திரையை வைத்தால் பிள்ளை அதன் அருகிலேயே உட்கார நேரிடும். தலையை இருபுறமும் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியதாகும். பாடம் படிப்பதற்கு 22 முதல் 24 அங்குலம் வரை போதுமானது.

மூன்றாவது: புள்ளி

திரையில் காணும் எழுத்தும் படமும் சிறு படப்புள்ளிகளால் ஆனவை. பெட்டியின்மீது '1920 × 1080' என்பது போன்ற எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் எண் குறுக்கு வரிசையிலுள்ள புள்ளிகளையும், இரண்டாம் எண் மேலிருந்து கீழாக உள்ள வரிசைகளையும் குறிக்கும். இவ்விரண்டையும் பெருக்கினால் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் ஆகின்றன.

திரை பெரிதாக இருந்தால் எழுத்துத் தெளிவாக இருக்கும் என்று பலர் எண்ணுவர். அது சரியன்று. 1920 புள்ளிகள் 24 அங்குலத் திரையின் அகலத்தில் பரவும்போது ஒரு செண்டிமீட்டருக்கு ஏறத்தாழ 36 புள்ளிகள் விழுகின்றன. அதே 1920 புள்ளிகள் 27 அங்குலத் திரையில் பரவும்போது 32 புள்ளிகளே விழுகின்றன. நாற்று ஒன்றே, வயல் மட்டும் பெரிது என்றால் பயிர் இடைவெளி விட்டுத்தானே நிற்கும்? ஆகவே 27 அங்குலம் வாங்க விரும்புவோர் '2560 × 1440' புள்ளிகள் உள்ளதா என்று பார்க்க வேண்டும். அதன் விலையும் கூடுதல். பழைய கணினி அத்தனை புள்ளிகளை அனுப்ப இயலாமலும் இருக்கலாம்.

தமிழ் படிப்போருக்குப் புள்ளியின் தெளிவு இன்னும் முதன்மையானது. நம் எழுத்துகள் சுழியும் வளைவும் உடையவை. 'கி' என்பதற்கும் 'கீ' என்பதற்கும் உள்ள வேறுபாடு ஒரு சிறு சுழியே. 'ன' என்பதற்கும் 'ண' என்பதற்கும் உள்ள வேறுபாடும் அத்தகையதே. மெய்யெழுத்தின் தலைமேல் நிற்பதும் ஒரு புள்ளிதான். திரை மங்கினால் இவை ஒன்றோடொன்று கலந்துவிடும். கணினியில் தமிழ் எழுத்துகளை அமைக்கும் பணியில் 1985ஆம் ஆண்டு முதல் ஈடுபட்டு 'முரசு அஞ்சல்' மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் மலேசிய நாட்டவர். அவ்வாறு உழைத்து உருவாக்கிய எழுத்துகள் தெளிவாகத் தெரிவதற்கு நாம் வாங்கும் திரையும் ஏற்றதாக இருக்க வேண்டும்.

இவை தவிர, திரையின் வகையும் பெட்டியில் குறிக்கப்பட்டிருக்கும். 'ஐபிஎஸ்' வகைத் திரையில் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறுவதில்லை. இரண்டு பிள்ளைகள் அருகருகே அமர்ந்து படிக்கும் வீட்டிற்கு இது ஏற்றது. 'டிஎன்' வகையில் பக்கவாட்டிலும் கீழிருந்தும் பார்த்தால் நிறம் மாறும். நொடிக்கு எத்தனை முறை படம் மாறுகிறது என்பதைக் குறிக்கும் எண் 60 அல்லது 75 இருந்தால் பாடம் படிப்பதற்குப் போதும். விளையாட்டுப் பிரியர்களுக்கென விற்கப்படும் விலையுயர்ந்த திரை தேவையில்லை.

கடையில் செய்ய வேண்டியவை

திரையைப் பெட்டியிலிருந்து எடுத்து இயக்கிக் காட்டும்படி கேளுங்கள். அவ்வாறு கேட்பது வாங்குவோரின் உரிமை, கூச்சப்பட வேண்டியதில்லை. முழு வெள்ளை நிறத்தையும் பின்னர் முழுக் கருப்பு நிறத்தையும் திரையில் காட்டச் சொல்லி, மூலை முதல் மூலை வரை பாருங்கள். வெள்ளையில் கரும்புள்ளியோ கருப்பில் ஒளிப்புள்ளியோ நிலையாக நின்றால் வேறு திரை கேளுங்கள். இயன்றால் ஒரு தமிழ்ப் பக்கத்தைக் காட்டச் சொல்லிப் படித்துப் பாருங்கள்.

பெட்டிக்குள் எந்த வகைக் கம்பி இருக்கிறது என்று பாருங்கள். சில பெட்டிகளில் ஒரு கம்பியே இருக்கும். அது உங்கள் கணினிக்கு உரியதாக இராமற்போகலாம். மின்கம்பியில் நம் நாட்டு மூன்று முனைப் பிளக் உள்ளதா என்றும், அதில் சிரிம் முத்திரை உள்ளதா என்றும் கவனியுங்கள். நம் நாட்டு மின்னழுத்தம் 230 வோல்ட் என்பதால், திரையின் பின்புறச் சீட்டில் '100–240' என்று எழுதியிருந்தால் அது பொருந்தும்.

பற்றுச்சீட்டில் திரையின் மாதிரி எண், உத்தரவாதக் காலம், 'விஜிஏ துளையுள்ள கணினிக்காக' என்பது போன்ற குறிப்பு ஆகிய மூன்றையும் எழுதித் தரும்படி கேளுங்கள். இக்குறிப்பு வெறும் எழுத்தன்று. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, எந்தத் தேவைக்காகப் பொருளை வாங்குகிறோம் என்று விற்பவரிடம் தெரிவித்திருந்தால், பொருள் அத்தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 'விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம்' என்று கடையில் எழுதி ஒட்டியிருந்தாலும் சட்டம் தந்த உரிமை மறைந்துவிடாது.

கடைக்காரரிடம் முதலில் அமைதியாகப் பேசுங்கள். பேசியும் தீராத வழக்கை மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்திற்குக் கொண்டு செல்லலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. ஆகவே பற்றுச்சீட்டைப் பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் அதே உறையில் பத்திரப்படுத்துங்கள்.

இணைக்கும் முறை

1. கணினியை முறைப்படி நிறுத்தி, சுவர்ச் சுவிட்சையும் அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

2. மேசையின்மீது மடித்த கைலியோ மெத்தென்ற துணியோ விரித்து, திரையை முகம் கீழாகப் படுக்க வைத்துத் தாங்கியைப் பொருத்துங்கள். திரையைத் தூக்கும்போது ஓரச் சட்டத்தையும் பின்புறத்தையும் மட்டுமே பிடிக்க வேண்டும். கண்ணாடிப் பரப்பில் விரலை அழுத்தினால் உள்ளே விரிசல் காணும்.

3. படக்கம்பியின் ஒரு முனையைக் கணினியிலும் மறுமுனையைத் திரையிலும் செருகுங்கள். நுழையாவிட்டால் வலிந்து தள்ளாமல், திருப்பிப் பாருங்கள். விஜிஏ, டிவிஐ கம்பிகளின் திருகாணிகளை விரலால் இறுக்கினாலே போதும்.

4. சில கணினிகளில் படத்துளைகள் இரண்டு இடங்களில் இருக்கும். மற்றத் துளைகளோடு சேர்ந்து ஓரிடத்திலும், தனிப் பட அட்டையில் வேறோரிடத்திலும் அவை காணப்படும். தனி அட்டை இருந்தால் அதிலுள்ள துளையிலேயே இணைக்க வேண்டும். மற்றத் துளையில் செருகினால் பல கணினிகளில் படம் வராது.

5. மின்கம்பியை இணைத்து, முதலில் திரையையும் பின்னர் கணினியையும் இயக்குங்கள்.

6. 'சிக்னல் இல்லை' என்னும் பொருள்பட எழுத்துத் தோன்றினால் அஞ்ச வேண்டாம். திரையின் ஓரத்திலோ அடியிலோ உள்ள பொத்தானை அழுத்தி, கம்பி செருகிய துளையின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் படம் வராவிடில் கம்பியின் இரு முனைகளையும் கழற்றி மீண்டும் செருகுங்கள்.

7. படம் வந்தபின், விண்டோஸ் கணினியாயின் திரையின் வெற்றிடத்தில் வலப்பொத்தானைச் சொடுக்கி, 'டிஸ்பிளே' அமைப்பைத் திறவுங்கள். புள்ளி எண்ணிக்கைகளின் பட்டியலில் பரிந்துரைக்கப்பட்டது என்று குறிக்கப்பட்டிருக்கும் எண், திரைப் பெட்டியில் அச்சிட்ட எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். அதனையே தெரிவு செய்யுங்கள்.

இந்த ஏழாம் படியைப் பலர் செய்யாமல் விட்டுவிடுகின்றனர். திரையிலுள்ள பலகணிகளின் எண்ணிக்கை மாறாதது. கணினி அதனினும் குறைந்த எண்ணிக்கையில் படத்தை அனுப்பினால், திரை அதனை இழுத்துப் பரப்பிக் காட்டும். எழுத்தின் விளிம்பெல்லாம் கலங்கும். எழுத்து சிறிதாக உள்ளது என்பதற்காகப் புள்ளி எண்ணிக்கையைக் குறைப்பது தவறு. அதே அமைப்பில் எழுத்தின் அளவைக் கூட்டும் வசதி தனியே உண்டு. அதனை 100 விழுக்காட்டிலிருந்து 125 ஆக உயர்த்துங்கள். எழுத்துப் பெரிதாகும், தெளிவும் கெடாது. விஜிஏ கம்பியில் படம் ஒரு பக்கம் ஒதுங்கினால், திரையின் தானாகச் சரிசெய்யும் பொத்தானை அழுத்தினால் நேராகிவிடும்.

கண்ணுக்கும் வீட்டிற்கும் பாதுகாப்பு

திரையின் மேல்விளிம்பு, உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்திலோ சற்றுக் கீழாகவோ இருக்கட்டும். பலகணியின் வெளிச்சம் திரையில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்யாதவாறு, திரையைப் பலகணிக்குப் பக்கவாட்டில் வையுங்கள். அறையில் விளக்கை அணைத்துவிட்டுத் திரையொளியில் மட்டும் படிப்பது கூடாது. ஒவ்வொரு 20 நிமிடத்திற்கும் ஒருமுறை, 20 அடித் தொலைவிலுள்ள பொருளை 20 நொடி பார்க்கும்படி பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். வெளியே நிற்கும் ரப்பர் மரங்களைப் பார்த்தாலே போதும்; கண் இளைப்பாறும்.

நம் நாட்டில் இடியும் மின்னலும் மிகுதி. பிற்பகலில் வானம் கறுத்தால் சுவிட்சை அணைப்பதோடு நில்லாமல் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். இணையக் கம்பி இருந்தால் அதனையும் கழற்றுங்கள். இடி முழங்கத் தொடங்கிய பின்னர்க் கம்பிகளைத் தொடுவது ஆபத்து. முன்கூட்டியே செய்துவிட வேண்டும். பிளக்கின் மூன்றாம் முனையை ஒடிப்பதும், பியூஸ் போன இடத்தில் ஈயத்தாளைச் சுற்றுவதும் உயிருக்கே தீங்காக முடியும்.

திரையைத் துடைக்க உலர்ந்த மென்துணி போதும். அம்மோனியா கலந்த நீர்மம் திரையின் பூச்சைக் கெடுத்துவிடும். ரப்பர்ப் பால் உறையாமலிருக்கப் பயன்படும் அம்மோனியாவின் காரத்தைப் பாட்டாளிகள் நன்கறிவர். கண்ணாடி துடைக்க விற்கப்படும் சில நீர்மங்களிலும் அது கலந்துள்ளது. சீட்டைப் பார்த்துத் தவிர்க்க வேண்டும்.

மின்செலவைப் பற்றிய அச்சம் வேண்டாம். தட்டைத் திரை 20 வாட் எடுக்கிறது என்று கொள்வோம். நாளொன்றுக்கு 5 மணி நேரம் பயன்படுத்தினால் 30 நாளில் 3 யூனிட் மட்டுமே செலவாகும். 80 வாட் எடுக்கும் பழைய குழாய்த் திரைக்கு அதே நேரத்தில் 12 யூனிட் ஆகும்.

பழைய திரையை என் செய்வது?

பழைய குழாய்த் திரையின் கண்ணாடியில் ஈயம் உண்டு. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதனுள் உயர்ந்த மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். ஆகவே செம்புக்காக அதனை உடைப்பதும், கம்பிகளைத் தீயிலிட்டு எரிப்பதும் கூடவே கூடாது. முந்திய தட்டைத் திரைகளின் விளக்கில் பாதரசம் உண்டு. 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி இத்தகைய மின்னணுக் கழிவுகள் அட்டவணையிடப்பட்ட கழிவுகளாகும். தோட்டத்து ஓடையிலோ மரநிரைகளின் நடுவிலோ எறியாமல், சுற்றுச்சூழல் துறையின் அங்கீகாரம் பெற்ற மையத்தில் ஒப்படையுங்கள். புதுத் திரை வாங்கும் கடையிலும் அதுபற்றிக் கேட்டுப் பார்க்கலாம்.

பயிற்சி வினாக்கள்

1. உங்கள் வீட்டுக் கணினியில் உள்ள படத்துளை எவ்வகையைச் சேர்ந்தது?

2. கணினியில் விஜிஏயும் திரையில் எச்டிஎம்ஐயும் இருந்தால், எந்தத் திசையில் மாற்றும் கருவி வேண்டும்?

3. ஒரே '1920 × 1080' புள்ளிகள் கொண்ட 24 அங்குல, 27 அங்குலத் திரைகளில் எழுத்துத் தெளிவாகத் தெரிவது எதில்? காரணம் கூறுக.

4. எழுத்தைப் பெரிதாக்க எதனை மாற்ற வேண்டும்? எதனை மாற்றலாகாது?

5. பற்றுச்சீட்டில் எழுதி வாங்க வேண்டிய மூன்று குறிப்புகள் யாவை?

இவ்வினாக்களைப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து அமர்ந்து ஆராய்வது நலம். பள்ளியிற் பயிலும் பிள்ளை துளையையும் புள்ளியையும் பார்த்துச் சொல்லட்டும்; பெற்றோர் விலையையும் பற்றுச்சீட்டையும் பார்த்துக்கொள்ளட்டும். அவ்வாறு வாங்கிய திரை பல்லாண்டு உழைக்கும்.